அரசாங்கத்தை கண்காணிக்கிற அமைப்புகளுக்கு உதவணும்னா எங்க ஆரம்பிக்கிறது? புதுசா வர்றவங்களுக்கு

பெரிய ஊழல் செய்தி ஒன்னு வந்தா நமக்கெல்லாம் கோபம் வரும், ரெண்டு நாள் ஸ்டேட்டஸ் வைப்போம், நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணுவோம், மூணாவது நாள் வேற செய்தி வந்துடும். ஆனா அந்த செய்தி வெளிய வர்றதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் மாசக்கணக்கா உக்காந்து டெண்டர் பேப்பரையும் பில்லையும் பக்கம் பக்கமா ஒப்பிட்டு பாத்துருப்பாங்க. அவங்க பெரும்பாலும் லாப நோக்கமில்லாத சின்ன அமைப்பா இருப்பாங்க, ரெண்டு மூணு பேர் சம்பளத்துக்கு, மீதி எல்லாம் தன்னார்வலர்கள். நானும் இந்த மாதிரி ஒரு அமைப்புல சில வருஷமா சாயங்கால நேரத்துல வேலை செய்றேன். அங்க குறையறது கோபம் இல்ல, ஆள் கையில இருக்கிற நேரம்தான். செய்தி சூடா இருக்கும்போது அம்பது பேர் மெயில் போடுவாங்க, அடுத்த மாசம் எக்ஸெல் ஷீட்டை திறந்து வெச்சுட்டு உக்காந்தா மூணு பேர்தான் இருப்போம். அந்த நாலாவது ஆளா நீங்க வரணும்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல, அமைப்பு எப்படிப்பட்டதுன்னு பாருங்க

கண்காணிப்பு அமைப்புன்னா எல்லாம் ஒரே வேலை செய்றதில்ல. சிலர் பட்ஜெட்டையும் டெண்டரையும் தோண்டுவாங்க, சிலர் கோர்ட்டுக்கு போவாங்க, சிலர் புலனாய்வு செய்தி எழுதுவாங்க, சிலர் நேரா களத்துக்கு போய் கட்டடம் உண்மையிலேயே இருக்கான்னு பாப்பாங்க. 1993-ல பெர்லின்ல ஆரம்பிச்ச டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் மாதிரி உலகம் பூரா கிளை வெச்சிருக்கிற அமைப்பும் உண்டு, ஒரே ஒரு நகராட்சியை மட்டும் பாக்குற பத்து பேர் குழுவும் உண்டு. என்னைக் கேட்டா புதுசா வர்றவங்க சின்ன குழுவுல சேர்றது நல்லது, ஏன்னா அங்க நீங்க செய்ற ஒரு மணி நேர வேலை என்ன ஆச்சுன்னு கண்ணால பாக்கலாம்.

சேர்றதுக்கு முன்னாடி, காசு குடுக்கறதுக்கும் முன்னாடி, கொஞ்சம் விசாரிங்க. அரசாங்கத்தை கணக்கு கேக்குறவங்க தன்னோட கணக்கை காட்டணும்ல, அதனால ஆண்டறிக்கையும் ஆடிட் பண்ண கணக்கும் வெளிய இருக்கான்னு பாருங்க. பணம் யார்கிட்ட இருந்து வருதுன்னு பாருங்க, எந்த துறையை கண்காணிக்கிறாங்களோ அந்த துறைகிட்டயே ப்ராஜெக்ட் பணம் வாங்குனா யோசிக்க வேண்டிய விஷயம். பிரிட்டன்ல இருக்கீங்கன்னா சாரிட்டி கமிஷன் பதிவேட்டுலயும், அமெரிக்கான்னா 990-ங்கிற வருடாந்திர படிவத்துலயும் இதெல்லாம் எடுத்து பாக்கலாம், வேற நாடுன்னா அங்க இருக்கிற பதிவுத் துறையில தேடுங்க, எங்கயும் கிடைக்கலன்னா நேரா அந்த அமைப்புகிட்டயே கேளுங்க, நல்ல அமைப்புன்னா கோவிச்சுக்காம அனுப்பி வைப்பாங்க.

இதைவிட முக்கியமா நான் பாக்குறது ரெண்டு. ஒன்னு, ஆட்சி மாறுனா இவங்க பேச்சும் மாறுதா? போன ஆட்சியில வாரம் ஒரு அறிக்கை விட்டவங்க இந்த ஆட்சியில வாயே திறக்கலன்னா அது கட்சி வேலை, நமக்கு வேண்டாம். ரெண்டு, தப்பு பண்ணா திருத்தம் போடுறாங்களா? பழைய அறிக்கைகள்ல "இந்த எண் தவறாக இருந்தது, திருத்தப்பட்டது"ன்னு குறிப்பு இருந்தா அந்த அமைப்பை நான் கூடுதலா நம்புவேன், ஒரு திருத்தம்கூட இல்லாத அமைப்பைப் பாத்தா எனக்கு கொஞ்சம் பயமாத்தான் இருக்கும்.

காசு குடுக்கறதா இருந்தா

ஒரே தடவை பெருசா குடுக்கறதை விட மாசாமாசம் சின்னதா குடுங்க. காரணம் சொல்றேன். இந்த வேலை ரொம்ப நீளமானது. இந்தியாவுல, கட்சிகளுக்கு யார் குடுக்கறாங்கன்னு வெளிய தெரியாம நன்கொடை குடுக்க வழி பண்ண தேர்தல் பத்திரத் திட்டத்தை எதிர்த்து ஏடிஆர்-ங்கிற ஜனநாயக சீர்திருத்தச் சங்கம் 2017-ல வழக்கு போட்டாங்க, உச்ச நீதிமன்றம் அந்த திட்டம் செல்லாதுன்னு சொன்னது 2024 பிப்ரவரி 15. நடுவுல ஆறு வருஷத்துக்கு மேல. அந்த வருஷங்கள்ல வழக்கு பத்தி செய்தியே இல்லாத மாசங்கள் எத்தனையோ, ஆனா ஆபீஸ் நடந்துருக்கணும், ஆளுக்கு சம்பளம் போயிருக்கணும். மாசம் வர்ற சின்ன தொகை இருந்தாதான் ஒரு அமைப்பு அடுத்த வருஷம் ஒரு ஆளை வேலைக்கு வெச்சுக்கலாமான்னு முடிவு பண்ண முடியும்.

அதே மாதிரி "இந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும்தான் செலவு பண்ணணும்"னு கட்டு போட்டு குடுக்காதீங்க. வக்கீல் கட்டணம், சர்வர் வாடகை, கணக்கரோட சம்பளம், நகல் எடுக்கிற காசு இதெல்லாம் யாரும் விரும்பி குடுக்க மாட்டாங்க, ஆனா இதுதான் அமைப்பை நிக்க வைக்குது. நிர்வாகச் செலவு குறைவா இருக்கிற அமைப்புதான் நல்ல அமைப்புன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, சோறு போடுற தொண்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம், இங்க பொருந்தாது, ஏன்னா இங்க ஆள் உக்காந்து படிக்கிறதுதான் வேலையே. இன்னொன்னு, வெளிநாட்டுல இருந்து அனுப்புறீங்கன்னா அந்த அமைப்பு இருக்கிற நாட்டோட சட்டம் அனுமதிக்குதான்னு முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. இந்தியாவுல எஃப்சிஆர்ஏ-ங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத அமைப்புக்கு வெளிநாட்டுக் காசு போனா நல்லது பண்ணப்போய் அவங்களுக்கே சிக்கல் இழுத்து விட்ட மாதிரி ஆகிடும்.

நேரம் குடுக்கறதா இருந்தா, என்ன வேலை?

காசை விட இதுதான் பெரிய உதவி, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

முதல் வேலை பெரும்பாலும் டைப் அடிக்கிறதுதான். அரசாங்கம் தகவல் குடுத்தாலும் கோணலா ஸ்கேன் பண்ண பிடிஎஃப்பா குடுக்கும், அதை தேட முடியாது, கூட்ட முடியாது. தைவான்ல வேட்பாளர்கள் வாங்குன நன்கொடை கணக்கை நேர்ல போய் காகிதத்துலதான் பாக்க முடியும்னு இருந்துச்சு. 2014-ல கவ் ஜீரோங்கிற தன்னார்வக் குழு போய் நகல் எடுத்து, ஸ்கேன் பண்ணி, அட்டவணையோட ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி படமா வெட்டி இணையத்துல போட்டாங்க, யார் வேணா வந்து படத்துல இருக்கிற எண்ணை டைப் பண்ணலாம். ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து லட்சக்கணக்கான கட்டத்தை முடிச்சாங்க. பிற்பாடு அந்த கணக்கை இணையத்துலயே வெளியிடணும்னு சட்டமே திருத்துனாங்க. பிரிட்டன்லயும் 2009-ல எம்பிக்களோட செலவுக் கணக்கு வெளிய வந்தப்ப கார்டியன் பத்திரிகை நாலரை லட்சம் பக்கத்துக்கு மேல வாசகர்கள் முன்னாடி வெச்சுச்சு, இருபதாயிரம் பேருக்கு மேல உக்காந்து புரட்டுனாங்க. பட்டம் வேண்டாம், அனுபவம் வேண்டாம், 3-ஐயும் 8-ஐயும் குழப்பிக்காத கண்ணு போதும்.

ரெண்டாவது வேலை மொழிபெயர்ப்பு, இது தமிழ் தெரிஞ்சவங்களுக்கே உரியது. தணிக்கை அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்துல இருநூறு பக்கம் வரும், அது யாரோட காசோ அவங்களுக்கே படிக்க முடியாது. ஆனா ரொம்ப கவனமா செய்யணும். தணிக்கையாளர் "இர்ரெகுலர்"னு எழுதுனா அது விதிப்படி நடக்காத செலவு, அதை நாம "ஊழல்"னு போட்டுடக் கூடாது. விதியை மீறி நல்ல விலைக்கே வாங்கியிருக்கலாம். "நோஷனல் லாஸ்"னு எழுதியிருந்தா அது கணக்குப் போட்டு பாத்த இழப்பு, கஜானால இருந்து காணாம போன பணம் இல்ல. செலவாகாம கிடந்த பணம்னா அது திருடப்பட்ட பணம் இல்ல, ஆனா செய்ய வேண்டிய வேலை நடக்கலன்னு அர்த்தம், அதுவும் பெரிய விஷயம்தான். ஒரு வார்த்தை மாறுனா மொத்த அறிக்கையும் பொய்னு சொல்ல சம்பந்தப்பட்ட துறைக்கு வழி கிடைச்சுடும்.

மூணாவது, கூட்டத்துக்கு போறது. உள்ளாட்சிக் கூட்டம், பட்ஜெட் பத்தின கருத்துக் கேட்பு, திட்டக் குழு கூட்டம் இதெல்லாம் பல இடத்துல பொதுமக்களுக்கு திறந்துதான் இருக்கு, யாரும் வர்றதில்ல. நீங்க பேசவே வேண்டாம், பின்னாடி உக்காந்து யார் என்ன சொன்னாங்க, எந்த தீர்மானம் எவ்ளோ நேரத்துல நிறைவேறுச்சுன்னு எழுதிட்டு வாங்க. நோட்டோட ஒரு ஆள் உக்காந்திருந்தா கூட்டம் நடக்கிற விதமே கொஞ்சம் மாறும், நானே பாத்துருக்கேன்.

தகவல் கேட்டு மனு போடுறது

இதை எல்லாரும் ஒரு தடவையாவது செஞ்சு பழகணும். அரசாங்கத்துகிட்ட இருக்கிற தகவலை மக்கள் கேட்டு வாங்கலாம்னு உலகத்துல முதல் முதலா சட்டம் போட்டது ஸ்வீடன், 1766-ல. அமெரிக்கா 1966, இந்தியா 2005, இலங்கை 2016-ல சட்டம் போட்டு 2017 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்துச்சு. பதில் சொல்ல வேண்டிய காலம் இந்தியாவுல 30 நாள், இலங்கையில 14 வேலை நாள், பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் 20 வேலை நாள். இந்தியா, இலங்கை ரெண்டுலயும் குடிமக்கள்தான் கேக்கலாம், பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் யார் வேணா கேக்கலாம். பிரிட்டன்ல 2008-ல ஆரம்பிச்ச வாட் டூ தே நோ மாதிரி தளங்கள் இருக்கு, அது வழியா மனு போட்டா கேள்வியும் பதிலும் எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கும், அடுத்தவங்க அதே கேள்வியை மறுபடி கேக்க வேண்டியதில்ல.

புதுசா எழுதுறவங்க பண்ற தப்பு ஒன்னே ஒன்னுதான், கேள்வி கேப்பாங்க. "இந்த ரோடு ஏன் ஆறு மாசத்துல பேந்துடுச்சு, யார் பொறுப்பு?"ன்னு எழுதுனா பதில் வராது, ஏன்னா சட்டம் குடுக்கறது ஏற்கனவே பதிவுல இருக்கிற தகவலை, உங்களுக்காக புதுசா விளக்கம் எழுதித் தர்றதை இல்ல. அதனால ஆவணத்தை பேர் சொல்லி கேளுங்க: இந்த சாலைப் பணிக்கு, இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும், வேலை உத்தரவோட நகல், மதிப்பீடு, முடிச்ச வேலையை அளந்து எழுதி வெக்கிற அளவு பதிவேடு, தரப் பரிசோதனை அறிக்கை, கடைசி பில். இந்த அஞ்சும் கைக்கு வந்தா ஏன் பேந்துச்சுங்கிறது பாதி தானா தெரிஞ்சுடும். காலத்தை குறுக்கி வெச்சுக்கோங்க, ஒரு மனுவுல ஒரு விஷயம் போதும், எக்ஸெல் வடிவத்துல இருந்தா அப்படியே குடுங்கன்னு சேர்த்து எழுதுங்க. எதுக்கு கேக்குறீங்கன்னு சொல்ல வேண்டியதில்ல, இந்திய சட்டத்துல அது தெளிவாவே இருக்கு.

பதில் வரலன்னா, இல்ல மறுத்தா, விட்டுடாதீங்க. மறுப்புக் கடிதத்துல எந்த பிரிவுன்னு எழுதியிருக்காங்கன்னு பாருங்க, அந்த பிரிவை நீங்களே ஒரு தடவை படிங்க, பல நேரம் அது பொருந்தவே பொருந்தாது. மேல்முறையீடு போடுங்க. பிரிட்டன் எம்பிக்கள் செலவு விஷயத்துல ஹெதர் புரூக்-ங்கிற பத்திரிகையாளர் கேட்டது பல வருஷம் இழுத்து, 2008-ல உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்தான் வெளியிடணும்னு தீர்ப்பாச்சு. ஒரு தேதி நோட்டு வெச்சுக்கோங்க, மனு போட்ட நாள், பதில் வர வேண்டிய நாள், மேல்முறையீட்டுக்கு கடைசி நாள். நல்ல நல்ல மனுவெல்லாம் கடைசி நாளை மறந்துபோனதால வீணாப் போயிருக்கு.

வந்த பேப்பரை படிக்கிறது

பட்ஜெட்னா பயப்படாதீங்க. ஒரே செலவுக்கு மூணு எண் இருக்கும்: வருஷ ஆரம்பத்துல போட்ட மதிப்பீடு, நடுவுல திருத்துன மதிப்பீடு, கடைசியில உண்மையா செலவானது. கதை எப்பவும் இந்த மூணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் இருக்கும். நான் சேர்ந்த புதுசுல மதிப்பீட்டை எடுத்து செலவானதுன்னு ஒரு அட்டவணையில போட்டுட்டேன், அது அறிக்கையிலயும் போயிடுச்சு. அமைப்பு அன்னைக்கே திருத்தம் வெளியிட்டாங்க, ஆனா அதுக்கு அப்புறம் அந்த அறிக்கையில சரியா இருந்த விஷயங்களைப் பத்தி யாரும் பேசல. அதுல இருந்து எந்த எண் எழுதுனாலும் பக்கத்துலயே எந்த ஆவணம், எத்தனாவது பக்கம், எந்த வகை எண்ணுன்னு எழுதி வெச்சுட்டுதான் அடுத்த வரிக்கே போவேன். நீங்களும் முதல் நாள்ல இருந்தே அப்படி செய்யுங்க, இன்னொரு ஆள் ஒரு தடவை சரிபாக்காம எதையும் வெளிய விடாதீங்க.

டெண்டர்ல சந்தேகப்பட வேண்டிய இடங்கள் கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும் ஒன்னுதான். ஒரே ஒரு ஆள் மட்டும் போட்டி போட்டது, விண்ணப்பிக்க மூணு நாலு நாள்தான் குடுத்தது, ஒரே கம்பெனி பொருளுக்கு மட்டும் பொருந்துற மாதிரி நிபந்தனை எழுதுனது, பெரிய வேலையை துண்டு துண்டா பிரிச்சு ஒவ்வொன்னும் டெண்டர் தேவைப்படுற வரம்புக்கு கொஞ்சம் கீழ இருக்கிற மாதிரி வெச்சது, தோத்துப்போன கம்பெனிக்கும் ஜெயிச்ச கம்பெனிக்கும் ஒரே விலாசம் இருக்கிறது, குறைஞ்ச விலைக்கு ஒப்பந்தம் எடுத்துட்டு அப்புறம் "கூடுதல் வேலை"ன்னு தொகையை ஏத்திக்கிட்டே போறது. உக்ரைன்ல 2016-ல புரோசோரோங்கிற திறந்த கொள்முதல் முறை வந்தப்ப, கூடவே டோசோரோன்னு ஒரு இணையதளமும் வந்துச்சு, இந்த மாதிரி சந்தேகங்களை யார் வேணா அதுல பதியலாம். ஆனா சந்தேகம் வேற, ஆதாரம் வேற. ஒரு ஆள் மட்டும் போட்டி போட்டதுக்கு அந்த பொருளை விக்கிறவங்களே ஒருத்தர்தான்ங்கிற நியாயமான காரணமும் இருக்கலாம், அதனால எழுதுறதுக்கு முன்னாடி அந்த அலுவலகத்துகிட்ட விளக்கம் கேட்டு பதிலுக்கு நியாயமான நேரம் குடுக்கணும்.

பேப்பர்ல இருக்கிறதை நிஜத்தோட ஒப்பிடுறதுதான் அடுத்தது, எனக்கு ரொம்ப பிடிச்ச வேலையும் இதுதான். ராஜஸ்தான்ல 1990-ல ஆரம்பிச்ச எம்கேஎஸ்எஸ், அதாவது மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்ங்கிற கூலித் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 கடைசியில இருந்து ஊர் நடுவுல மக்கள் விசாரணை நடத்துனாங்க. அரசாங்க கூலிப் பட்டியலை சத்தமா வாசிப்பாங்க, இன்னாருக்கு இத்தனை நாள் கூலின்னு. கூட்டத்துல இருந்து எந்திரிச்சு "நான் அந்த வேலைக்கே போகல"ம்பாங்க, "அவர் செத்துப் போயி வருஷமாச்சு"ம்பாங்க. அந்த ஊர் ஜனங்க கேட்டதுதான் பிற்பாடு நாடு முழுக்க தகவல் உரிமைச் சட்டமா வந்ததுக்கு பெரிய காரணம். உகாண்டாவுல 1991-95 காலத்துல பள்ளிக்கூடங்களுக்கு மத்திய அரசு ஒதுக்குன மானியத்துல சராசரியா 13 சதவீதம்தான் பள்ளிக்கு போய் சேர்ந்துருக்குன்னு ஒரு ஆய்வு சொல்லுச்சு, அதுக்கு அப்புறம் எந்த பள்ளிக்கு எவ்ளோங்கிறதை பத்திரிகையில போட்டு, பள்ளி வாசல்லயும் ஒட்ட ஆரம்பிச்சாங்க, போய் சேர்ற பங்கு பல மடங்கு கூடுச்சு. அறிவிப்பு ஒட்டுனது மட்டுமே காரணமான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள விவாதம் இருக்கு, ஆனா தகவல் வாசல் வரைக்கும் வரணும்ங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

பாதுகாப்பு, இதை தாண்டிப் போகாதீங்க

பயமுறுத்த சொல்லல, ஆனா இது விளையாட்டு இல்ல. மால்டாவுல டாஃப்னே கரூவானா கலீசியாங்கிற பத்திரிகையாளரை 2017-ல கார் குண்டு வெச்சு கொன்னாங்க. புனே பக்கம் நில முறைகேடுகளை வெளிய கொண்டுவந்த சதீஷ் ஷெட்டியை 2010-ல வெட்டிக் கொன்னாங்க. பெரும்பாலானவங்களுக்கு வர்றது இந்த அளவு ஆபத்து இல்ல, மிரட்டல் ஃபோனும் வக்கீல் நோட்டீஸும்தான், வாயை அடைக்கிறதுக்குன்னே போடுற அவதூறு வழக்கு. ஐரோப்பிய ஒன்றியம் இதை தடுக்க 2024-ல தனி விதியே கொண்டு வந்துருக்கு, டாஃப்னே சட்டம்னே அதை கூப்பிடுறாங்க.

அதனால தனி ஆளா களத்துக்கு போகாதீங்க, எங்க போறீங்கன்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டு போங்க. சர்ச்சையான விஷயத்துல மனுவை தனி ஆள் பேர்ல போடாம அமைப்போட பேசி, பல ஊர்ல இருந்து பல பேர் போடுற மாதிரி வெச்சுக்கோங்க. நீங்க அரசு வேலையில இருக்கீங்கன்னா உங்க நடத்தை விதியில எது வரைக்கும் அனுமதின்னு படிச்சுட்டு வாங்க, டைப்பிங் மொழிபெயர்ப்பு மாதிரி வேலை கேட்டு வாங்கிக்கலாம். ஆபீஸ் மெயில், ஆபீஸ் லேப்டாப் ரெண்டையும் இதுக்கு தொடவே தொடாதீங்க. யாராவது உள்ள இருந்து ரகசிய ஆவணம் குடுத்தா அதை ஒருத்தருக்கும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ஃபைலுக்குள்ளயே யார் எப்போ எடுத்ததுன்னு தடயம் இருக்கும், குடுத்தவங்க மாட்டிப்பாங்க. சிக்னல் ஆப், செக்யூர்டிராப் மாதிரி பாதுகாப்பான வழி வெச்சிருக்கிற அமைப்பு எதுன்னு சொல்லி, ஆவணம் குடுக்கிறவங்களையே நேரா அங்க அனுப்பச் சொல்லுங்க. பனாமாவுல இருந்த ஒரு சட்ட நிறுவனத்துல இருந்து கசிஞ்சு 2016-ல வெளிய வந்த பனாமா ஆவணங்கள் ஒரு கோடியே 15 லட்சம் கோப்பு, அதை குடுத்தவர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் வெளிய தெரியாது, கையாண்டவங்க அவ்ளோ பொறுப்பா இருந்தாங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. கையெழுத்து போட்ட கடைநிலை ஊழியரோட ஃபோன் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் படத்தோட போட்டுவிடாதீங்க. முடிவு எடுத்தது பெரும்பாலும் அவரா இருக்காது, ஜனங்க போய் நிக்கிறது மட்டும் அவர் வீட்டு வாசல்ல. வெளியிடுறதுக்கு முன்னாடி தனிப்பட்ட விவரங்களை மறைச்சுடுங்க.

இந்த வாரம் என்ன செய்யலாம்

ஒரே ஒரு அமைப்பை தேர்ந்தெடுங்க, அவங்க கடைசியா போட்ட ஒரு அறிக்கையை முழுசா படிங்க, அப்புறம் மெயில் அனுப்புங்க. "நான் எதாவது உதவலாமா"ன்னு மட்டும் எழுதுனா அவங்களுக்கு உங்களுக்கு வேலை கண்டுபிடிக்கிறதே ஒரு வேலை ஆகிடும். இப்படி எழுதுங்க:

"வணக்கம். உங்க பள்ளிக் கட்டடம் பத்தின அறிக்கை படிச்சேன், அட்டவணையில ரெண்டு பள்ளிக்கு தொகை விட்டுப்போயிருக்கு, அந்த ஆவணம் இருந்தா நான் எடுத்து நிரப்பித் தர்றேன். எனக்கு வாரத்துக்கு மூணு மணி நேரம் முடியும், ஞாயிறு சாயங்காலம். எக்ஸெல் தெரியும், தமிழ்ல எழுத வரும், சட்டம் தெரியாது. ஆறு மாசம் கண்டிப்பா இருப்பேன்."

ரெண்டு வாரத்துல பதில் வரலன்னா ஒதுக்கிட்டாங்கன்னு நினைக்காம இன்னொரு தடவை அனுப்புங்க, அந்த மெயிலை பாக்க வேண்டியவங்க எங்கயாவது ஸ்கேன் பண்ண ஒரு கட்டு பிடிஎஃப்புக்கு முன்னாடி உக்காந்துருப்பாங்க.